ஊர் போட்ட சோறு

எந்த ஊருக்கும் தன் பெரிய மனிதர்களின் பட்டியல் ஒன்று உண்டு. இங்கிலாந்துக் கிராமங்கள் இதில் ரொம்பவும் அக்கறை காட்டும். ஹாம்ப்ஷயர் பக்கம் செல்போர்ன் என்று ஒரு சின்னக் கிராமம். 1720இல் அங்கே பிறந்த கில்பர்ட் வைட் என்ற பாதிரியார் தன் ஊர்ப் பறவைகளையும் மண்புழுக்களையும் ஒரு கிழட்டு ஆமையையும் ஆண்டுக்கணக்கில் பார்த்துப் பார்த்து எழுதினார். 1789இல் அந்தப் புத்தகம் வெளிவந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து அதே ஊரில் இறந்தார். கல்லறைக் கல்லில் அவருடைய முதலெழுத்துகளும் தேதியும்தான் வெட்டியிருக்கிறார்கள். ஊருக்கு அதுவே போதும். பிறந்த மண்ணும் வாழ்ந்த மண்ணும் புதைந்த மண்ணும் ஒன்றாக இருக்கும் மனிதரை 'எங்கள் ஊர்க்காரர்' என்று சொல்லிக்கொள்ள யாருக்கும் தயக்கம் வராது.

திருவண்ணாமலையில் இப்படி ஒரு பட்டியல் போட உட்கார்ந்தால் முதல் வரியிலேயே திகைப்பு வரும். ரமண மகரிஷி திருச்சுழியில் பிறந்தவர். சேஷாத்ரி சுவாமிகள் வழூரில் பிறந்து காஞ்சிபுரத்தில் வளர்ந்தவர். விசிறி சாமியார் என்று ஊரே அழைத்த யோகி ராம்சுரத்குமாருக்குக் கங்கைக்கரைப் பலியா மாவட்டம். தமிழே தாய்மொழி இல்லை. மலையில் குகைகளுக்குப் பெயர் கொடுத்த குகை நமசிவாயரும் விரூபாட்ச தேவரும் வடக்கே கன்னட, தெலுங்கு நாடுகளின் பக்கமிருந்து இறங்கி வந்த வீரசைவர்கள். கோபுரத்தில் பெயர் நிற்கும் வல்லாள மகாராஜா துவாரசமுத்திரத்து ஹொய்சாளர். இந்த மண்ணிலேயே பிறந்தவர் என்று நாம் வழிவழியாகச் சொல்லிக்கொள்ளக் கிடைத்த பெரிய பெயர் அருணகிரிநாதர். மற்றபடி இந்த ஊரின் பெருமை முழுக்க வந்தேறிகளால் ஆனது. 'வந்தேறி' என்ற சொல்லை நான் இங்கே மரியாதையோடுதான் எழுதுகிறேன்.

ஏன் வந்தார்கள் என்று கேட்டால் ஊரில் சின்னப்பிள்ளைகூட விரலை நீட்டி மலையைக் காட்டும். 2,668 அடி உயரம். சுற்றி வர 14 கிலோமீட்டர். அது இழுத்தது, வந்தார்கள். இதை நான் மறுக்கவில்லை. ரமணரே அப்படித்தான் சொன்னார். அருணாசலம் என்ற பெயரைக் கேட்ட மாத்திரத்தில் உள்ளே ஏதோ ஆன கதையைப் பலமுறை பலருக்குச் சொல்லியிருக்கிறார். ஆனால் வருவது வேறு, தங்குவது வேறு. வந்தவன் பசித்த வயிற்றோடுதான் வருகிறான். மலை அவனை இழுத்துக்கொண்டு வந்து சேர்த்த பிறகு அன்று ராத்திரிக்கு என்ன வழி, மறுநாள் காலைக்கு என்ன வழி என்ற கேள்வி இருக்கிறதே, அதற்குப் பதில் சொன்னவர்கள் யார்? அவர்களைப் பற்றித்தான் எனக்குப் பேச வேண்டும்.

1896 செப்டம்பர் 1ஆம் தேதி காலை திருவண்ணாமலை ரயில் நிலையத்தில் இறங்கிய பையனுக்கு 16 வயது. வீட்டில் அண்ணனின் கல்லூரிச் சம்பளத்துக்கென்று கொடுத்த ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு இரண்டை வைத்துவிட்டுக் கிளம்பியவன். கணக்குத் தப்பிப்போய் விழுப்புரத்திலிருந்து கொஞ்சதூரம் ரயில், பிறகு கீழூர்வரை நடை. கீழூரில் முத்துகிருஷ்ண பாகவதர் வீட்டில் அன்று கோகுலாஷ்டமி. முன்பின் தெரியாத அந்தப் பையனை உட்கார வைத்து அந்த வீட்டார் வயிறாரச் சாப்பாடு போட்டார்கள். காதுக் கடுக்கனை வாங்கிக்கொண்டு பாகவதர் நான்கு ரூபாய் கொடுத்தார். வழியில் சாப்பிடப் பலகாரமும் கட்டிக் கொடுத்தார்கள். அண்ணாமலையார் சன்னதியில் நின்று வெளியே வந்ததும் பையன் அய்யங்குளத்துக்குப் போய்த் தலையை மழித்துக்கொண்டான். பலகாரப் பொட்டலத்தையும் மிச்சமிருந்த மூன்றரை ரூபாயையும் குளத்தில் எறிந்தான். அதற்குப் பிறகு சாகும்வரை அவன் பணத்தைக் கையால் தொடவில்லை.

இந்தக் கட்டத்தை வாழ்க்கை வரலாறுகள் துறவின் உச்சமாகச் சொல்லும். உண்மைதான். ஆனால் எனக்கு அதில் இன்னொன்றும் தெரிகிறது. அந்த மூன்றரை ரூபாய் தண்ணீரில் விழுந்த நிமிஷத்திலிருந்து அந்த உடம்பைக் காப்பாற்றும் பொறுப்பு இந்த ஊருக்கு வந்துவிட்டது. ஊர் அதைக் கேட்கவில்லை. யாரும் அதனிடம் சொல்லவும் இல்லை. பெயர் தெரியாது, சாதி தெரியாது, ஊர் தெரியாது, வாயைத் திறந்து பேசாத ஒரு பையன் ஆயிரங்கால் மண்டபத்தில் வந்து உட்கார்ந்துவிட்டான்.

ஊர் என்ன செய்தது? முதலில் கல்லெறிந்தது. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். தெருப் பிள்ளைகளுக்குத் தங்கள் வயதில் ஒருவன் அசையாமல் உட்கார்ந்திருப்பது வேடிக்கையாகப் போயிற்று. கல்லும் ஓடும் பறந்தன. அதற்குத் தப்பித்தான் அவன் பாதாள லிங்கக் குழிக்குள் இறங்கினான். வெளிச்சம் புகாத இடம். எறும்பும் பூச்சிகளும் தொடையைத் தின்று புண்ணில் சீழ் ஒழுகியது. அந்தக் குழிக்குள் பெரியவர்களே இறங்கத் தயங்கியபோது சோற்றை எடுத்துக்கொண்டு இறங்கியவள் ஒரு பெண். ரத்னம்மாள். பிறகு வேங்கடாசல முதலியார் என்பவரும் இன்னும் சிலருமாகச் சேர்ந்து பையனை அலுங்காமல் தூக்கி வெளியே கொண்டுவந்தார்கள். அப்போதும் அவன் கண் திறக்கவில்லை.

சுப்பிரமணியர் சன்னதிப் பக்கம் இருந்த நாட்களில் ஒரு மௌன சாமியார் தினமும் அம்மன் சன்னதி அபிஷேகத் தீர்த்தத்தை ஒரு குவளையில் பிடித்து வந்து கொடுப்பார். பால், தண்ணீர், மஞ்சள்பொடி, சர்க்கரை, வாழைப்பழம் எல்லாம் கலந்த ஒன்று. பையன் சுவை பார்க்காமல் குடித்துவிடுவான். அதைப் பார்த்த அர்ச்சகருக்கு மனம் கேட்கவில்லை. இனிமேல் அபிஷேகம் ஆன சுத்தப் பாலையே தனியாகப் பிடித்து அனுப்பச் சொன்னார். வாழ்க்கை வரலாற்றில் இதற்கு இரண்டு வரிதான் இடம். ஒரு கோயில் அர்ச்சகர் பொழுது விடிந்தால் நூறு வேலைக்கு நடுவில் ஒரு குவளைப் பாலின் தரத்தைப் பற்றிக் கவலைப்பட்டார் என்பதை நான் ரொம்ப நேரம் நினைத்துப் பார்ப்பதுண்டு. யாருக்காகக் கவலைப்பட்டார்? பின்னாளில் உலகம் மகரிஷி என்று கொண்டாடப்போகிறவருக்காகவா? அந்தப் பட்டத்தைக் காவ்யகண்ட கணபதி முனி சூட்டியது 1907இல். அர்ச்சகரின் கண்ணுக்குத் தெரிந்தது எலும்பும் தோலுமாக ஒரு அநாதைப் பையன்.

பிறகு ரமணரே தெருவில் இறங்கிப் பிச்சை எடுத்தார். அய்யங்குளத்தங்கரை அருணகிரிநாதர் கோயிலில் தங்கியிருந்தபோது அது. வாசலில் நின்று கை தட்டுவார். யாராவது வந்து கையில் போட்டால் அங்கேயே நின்று உண்டுவிட்டுக் கையைத் தலையில் துடைத்துக்கொண்டு போவார். பதில் இல்லையென்றால் அடுத்த வாசல். அந்தக் கைதட்டலைக் கேட்டு அடுப்படியிலிருந்து எழுந்து வந்த பெண்களின் பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை.

ஒரு பெயர் மட்டும் கொஞ்சம் நிலைத்திருக்கிறது. எச்சம்மாள். போளூர்ப் பக்கம் மண்டகொளத்தூர்க்காரி. கணவரும் பெற்ற பிள்ளைகளும் ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்து, இளம் வயதிலேயே எல்லாம் இழந்து நின்றவள். அந்த ஊர்த் தெருக்களே அவளுக்குத் தாங்க முடியாமல் போயிற்று. 1907 வாக்கில் திருவண்ணாமலைக்கு வந்தாள். விரூபாட்ச குகைக்கு ஏறினாள். ஒரு வார்த்தை பேசாமல் இருந்தவரின் முன்னால் ஒரு வார்த்தை பேசாமல் நின்றாள். மலையிறங்கியபோது துக்கத்தின் கனம் குறைந்திருந்தது. அதற்குப் பிறகு அவள் ஊருக்குத் திரும்பவில்லை. வாடகைக்கு வீடு பிடித்தாள். மறுநாளிலிருந்து சமைத்து எடுத்துக்கொண்டு மலையேறத் தொடங்கினாள்.

அந்த ஏற்றத்தை ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பெரிய தெருப் பக்கமிருந்து விரூபாட்ச குகைக்குப் போகும் பாதையில் முற்பகல் பத்து மணிக்குப் பாறை காய்ந்துவிடும். வெறுங்கையோடு ஏறுகிறவர்களே இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழுவார்கள். சித்திரை வெயிலிலும் ஐப்பசி மழையிலும் சோற்றுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு அவள் ஏறினாள். 1916இல் சுவாமி ஸ்கந்தாசிரமத்துக்கு மாறினார். அவள் இன்னும் மேலே ஏறினாள். 1922இல் தாயார் அழகம்மாளின் சமாதியை ஒட்டி அடிவாரத்துக்கு அவர் வந்து சேர்ந்தார். அவள் அங்கே போனாள். ஆசிரமத்துக்கென்று பெரிய சமையற்கூடம் வந்து, நூற்றுக்கணக்கில் பந்தி நடக்கத் தொடங்கிய பிறகும் அவளுடைய பாத்திரம் வந்துகொண்டிருந்தது. அதிலிருந்து ஒரு கவளமாவது அவர் இலையில் விழ வேண்டும். 1945இல் அவள் கண்மூடும்வரை, 38 ஆண்டுகள்.

வளர்ப்புப் பெண் ஒருத்தி இருந்தாள், செல்லம்மாள். மணமாகி, ஒரு பிள்ளைக்கு ரமணன் என்று பெயரும் வைத்து, அவளும் செத்துப்போனாள். எச்சம்மாள் அழுதாள். ஆனால் சோறு நின்றுவிடவில்லை.

இப்படி இன்னும் இருவர். காரைக்காலிலிருந்து வந்து தங்கிய அலங்காரத்தம்மாளை எல்லோரும் முதலியார் பாட்டி என்றே அழைத்தார்கள். கீரைப்பாட்டி இவர்களுக்கெல்லாம் முந்தியவள். குகை நமசிவாயர் கோயில் மண்டபத்தில் ஒண்டிக் கிடந்தவள். சொத்து என்று சொல்ல ஒரு சட்டியும் கம்பும். விடிந்ததும் மலைச்சரிவில் இறங்கிக் கண்ணில் பட்ட கீரையை எல்லாம் பறிப்பாள், வேகவைத்து முதலில் மேலே இருக்கும் சாமிக்குக் கொண்டுபோய்க் கொடுப்பாள், மிச்சம்தான் தனக்கு. 1921இல் இறந்தாள். ஐந்து ஆண்டுகள் கழித்து ஆசிரமத்துக்கு வந்த கன்றுக்குட்டி லட்சுமி, சுவாமியிடம் காட்டிய ஒட்டுதலைப் பார்த்து, கீரைப்பாட்டிதான் திரும்பி வந்திருக்கிறாள் என்று பேச்சு எழுந்தது. 1948இல் அந்தப் பசு இறந்தபோது சமாதி எழுப்பினார்கள். கீரைப்பாட்டியின் கதையை இன்றைக்கு ஆசிரமத்துக்கு வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் அந்தப் பசுவின் சமாதி வாசலில் நின்றுதான். ஒரு ஏழைக்கிழவியின் பெயர் ஊரின் நினைவில் தங்குவதற்கு அவள் மறுபடி ஒரு முறை பிறக்க வேண்டியிருந்தது. இது எனக்கு மனத்தை அறுக்கிறது.

சேஷாத்ரி சுவாமிகளின் கதை வேறு மாதிரி. ரமணர் வருவதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பே, 1889இல் வந்தவர். பாதாள லிங்கக் காலத்தில் அந்தப் பையனுக்குக் காவலாக நின்று, கல்லெறிந்த பிள்ளைகளை விரட்டியவர் அவர்தான். ஆனால் அவரை யார் காவல் காத்தது? 40 ஆண்டுகள் ஓர் இடத்தில் தங்காமல் தெருத்தெருவாக அலைந்தார். போர்த்திய புதுத்துணியைக் கிழித்துப் போடுவார். நினைத்த கடைக்குள் நுழைந்து சாமான்களை வாரி இறைப்பார். இன்றைக்கு ஒருவர் கடைக்குள் புகுந்து இப்படிச் செய்தால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். அன்றைய வியாபாரிகள் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். அவர் கை பட்டால் வியாபாரம் கொழிக்கும் என்று நம்பினார்கள், 'தங்கக்கை' என்றார்கள். அந்த நம்பிக்கையில் வியாபாரிக்கே உரிய ஆசையும் இருந்திருக்கும்தான். இருந்துவிட்டுப் போகட்டும். முதல் தடவை கொட்டப்பட்ட மூட்டைக்கு முன்னால் அந்த நம்பிக்கை இன்னும் பிறந்திருக்கவில்லையே! அந்த முதல் கடைக்காரர் கையை ஓங்காமல் இருந்தார். அந்த ஓங்காத கையிலிருந்துதான் மற்றதெல்லாம். எச்சம்மாள் வீட்டுத் திண்ணையும் சுவாமிகள் வந்துபோகும் இடங்களில் ஒன்று. 1929 ஜனவரியில் அவரை அடக்கம் செய்தபோது ரமணரும் வந்து நின்றார்.

முப்பது ஆண்டு இடைவெளியில் இதே நாடகம் மறுபடி நடந்தது. 1959இல் ஒரு கையில் பனையோலை விசிறியும் ஒரு கையில் கொட்டாங்கச்சியுமாக வந்த வடநாட்டுக்காரர் ரயிலடிப் பக்கத்துப் புன்னை மரத்தடியில் பகலைக் கழித்தார். இரவில் தேரடிப் பாத்திரக்கடை வாசலில் படுத்தார். சிலர் விரட்டினார்கள், சிலர் அடிக்கவும் செய்தார்கள். கடை மூடிய பிறகு அந்த வாசற்படியில் படுக்க விட்டவரும், கொட்டாங்கச்சியில் டீயோ கஞ்சியோ ஊற்றியவரும் இருந்ததால்தான் சன்னதித் தெரு வீட்டு வாசலில் ஜனங்கள் வரிசை கட்டிய பின்னாட்கள் வந்தன. 2001இல் அவர் மறைந்தபோது அவர் பெயரில் ஒரு பெரிய ஆசிரமமே எழுந்திருந்தது.

வெள்ளைக்காரர்களின் வரவைப் பற்றி ஊரில் நிறையப் பேசுவார்கள். பால் பிரண்டனின் புத்தகம் 1934இல் வெளிவந்து, அதைப் படித்துவிட்டு மேஜர் சாட்விக் 1935இல் வந்து, 1962இல் இங்கேயே இறந்தார். ஈராக்கில் பிறந்த யூதரான எஸ். எஸ். கோஹன் 1936இல் வந்தார். ஜப்பானியர் சிறைமுகாமிலிருந்து விடுபட்ட ஆர்தர் ஆஸ்பர்ன் 1945இல் வந்து, 1964இல் மௌண்டன் பாத் பத்திரிகையைத் தொடங்கினார். மூவருமே இந்த ஊர்ப் பட்டியலில் இடம் பெற வேண்டியவர்கள், சந்தேகமில்லை. ஆனால் இவர்கள் வந்தது புகழ் பெற்ற இடத்துக்கு. முகவரி கையில் இருந்தது. 1896இல் வந்தவனிடமும், 1896இல் அவனுக்குச் சோறு போட்டவர்களிடமும் முகவரி எதுவும் இல்லை.

இங்கேதான் நான் சொல்ல வந்தது நிற்கிறது. எந்தப் பெரிய வாழ்க்கையிலும் அது பெரிதென்று யாருக்குமே தெரியாத ஆண்டுகள் சில இருக்கின்றன. ரமணருக்கு அது குறைந்தது பத்தாண்டு. அந்த ஆண்டுகளில் அறிவு உதவாது. ஆராய்ந்து பார்த்து, தகுதி கண்டு, தரம் பிரித்து உதவுகிற எந்த ஏற்பாடும் உதவாது. காட்டுவதற்கு அந்த மனிதனிடம் எதுவுமில்லை. அந்த ஆண்டுகளைத் தாண்ட வைப்பது பசித்தவனைக் கண்டால் தாங்காத மனம் ஒன்றுதான்.

இன்னும் ஒரு படி மேலே போக வேண்டும். ரத்னம்மாளும் அந்த அர்ச்சகரும் கைதட்டலைக் கேட்டு எழுந்த பெண்களும் ரமணர் ஒருவருக்கா போட்டார்கள்? அந்தக் காலத்திலும் இந்த ஊருக்கு ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கில் பரதேசிகள் வந்தார்கள். தீபத்துக்கு வந்து தங்கிவிட்டவர்கள், வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு வந்தவர்கள், நோயாளிகள், சித்தம் கலங்கியவர்கள், வேலை செய்ய மனமில்லாத சோம்பேறிகள். எல்லார் கையிலும் அதே பிடிச் சோறுதான் விழுந்தது. அவர்களில் 99 பேர் பெயர் தெரியாமல் மண்டபத் தூண் ஓரத்திலேயே செத்துப்போனார்கள். அவர்களுக்குப் போட்ட சோறு வீணா? ஊர் ஞானிகளுக்கு மட்டும் சோறு போடுவதென்று தீர்மானித்திருந்தால் பாதாள லிங்கத்துப் பையன் ஒரு மாதம் தாங்கியிருக்க மாட்டான். ஏனென்றால் அவன் ஞானி என்பது யாருக்கும் தெரியாது. அந்த 99 பேருக்குப் போட்ட பழக்கத்தால்தான் நூறாவது ஆள் பிழைத்தான். அந்தப் பெயரில்லாதவர்களும் ரமணரின் வரலாற்றில் இருக்கிறார்கள். அவர்கள் பந்தியில்தான் அவரும் உட்கார்ந்தார்.

இந்தக் குணம் ஊருக்கு எங்கிருந்து வந்தது என்று யோசிக்கும்போது எனக்கு வல்லாள மகாராஜா நினைவுக்கு வருகிறார். மாலிக் காபூரின் படையெடுப்புக்குப் பிறகு தடுமாறிய ஹொய்சாள அரசின் கடைசிப் பெரிய மன்னர், மூன்றாம் வீர வல்லாளர். தன் கடைசிக் காலத்தில் திருவண்ணாமலையைத் தலைநகராக வைத்துக்கொண்டு மதுரை சுல்தானோடு மோதி, 1342ஐ ஒட்டி, 80 வயதில் பிடிபட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய உடலின் தோலை மதுரைக் கோட்டைச் சுவரில் தொங்கவிட்டிருந்ததைத் தான் பார்த்ததாக இபின் பதூதா எழுதியிருக்கிறார். எங்கிருந்தோ வந்த அரசன், ஊர்க் கதைப்படி பிள்ளையில்லாதவன், அடக்கம் செய்ய உடம்பும் முழுதாகக் கிடைக்காதவன். அவனுக்கு இந்த ஊர் என்ன செய்தது தெரியுமா? அண்ணாமலையாரையே அவனுக்குப் பிள்ளையாக்கியது. மாசி மகத்தன்று சாமி ஊரைவிட்டுக் கிளம்பிப் பள்ளிகொண்டாப்பட்டுக்குப் போய், கௌதம நதிக்கரையில் வல்லாளனுக்குத் திதி கொடுத்துவிட்டு வருகிறார். அறுநூறு ஆண்டுகளுக்கு மேலான ஒரு மரணத்துக்கு இன்றும் காரியம் நடக்கிறது. நாதியற்றவனுக்குச் சாமியே பிள்ளை என்று ஆண்டுதோறும் கண்ணால் பார்க்கிற ஜனங்களுக்கு, வாசலில் நிற்கிறவனிடம் நீ யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்கத் தோன்றாது.

கையேந்திக் கேட்பதற்கும் இங்கே இழிவு இல்லை. கோயிலின் கிழக்கு ராஜகோபுரம் 217 அடி; கிருஷ்ணதேவராயர் தொடங்கி, தஞ்சை செவ்வப்ப நாயக்கர் முடித்தது. வடக்கே நிற்கும் 171 அடிக் கோபுரத்துக்கு அரசர் பெயர் கிடையாது. செங்கத்துப் பக்கத்துச் சென்னசமுத்திரத்திலிருந்து வந்த அம்மணி அம்மாள் என்ற துறவிப் பெண் வீடுவீடாகப் போய்க் கேட்டு வாங்கிய பணத்தில் எழுந்தது அது. பணம் தீர்ந்தபோது ஆட்களுக்கு விபூதியைக் கூலியாகக் கொடுத்தாள், அவரவர் கையில் அது கூலிக்குச் சரியான காசாக மாறியது என்று கதை. இந்த ஊரில் ஒரு பெண் கையேந்தி நின்றதற்கு ஒரு கோபுரம் அடையாளமாக நிற்கிறது.

இப்போது ஊர் மாறிவிட்டது. கிரிவலப் பாதை நெடுக மனைகள் சதுர அடிக் கணக்கில் விலைபோகின்றன. பௌர்ணமிக்கு லட்சக்கணக்கில் ஜனம். பாதை ஓரத்தில் காவித்துணி கட்டியவர்கள் தூக்குப்பாத்திரத்தோடு வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். ரமணாசிரமத்தில் இன்றும் மதியப் பந்திக்கு முன்னால் வாசலில் சாதுக்களுக்குப் பிச்சை போடுகிறார்கள். ஆனால் ஊர்ப் பேச்சில் ஒரு கேள்வி அடிக்கடி காதில் விழுகிறது: "இதுல எவன் நெஜ சாமியார், எவன் போலி?" கேட்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன். காவிக்குள் ஒளிந்துகொண்ட குற்றவாளிகள் பிடிபட்ட செய்தி வராமல் இல்லை. காவல்துறை கேட்க வேண்டிய கேள்வி அது, கேட்கட்டும். சோற்றுக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நாம் அதைக் கேட்கத் தொடங்குவதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. விசாரித்துவிட்டுத்தான் போடுவது என்று வந்துவிட்டால், விசாரணையில் தேறுவது பேசத் தெரிந்தவனாகத்தான் இருப்பான். பாதாள லிங்கத்துப் பையன் தேறியிருக்க மாட்டான். அவன் கேள்விக்குப் பதிலே சொல்லியிருக்க மாட்டான்.

போலிகள் அன்றைக்கும் இருந்தார்கள். விரூபாட்ச குகைக் காலத்தில் பழனிசுவாமியும் மற்ற அடியார்களும் சங்கு ஊதிக்கொண்டு மலையிறங்கித் தெருக்களில் பாடிக்கொண்டே பிச்சைக்குப் போவார்கள். சங்கொலி கேட்டதும் வீடுகளில் குகைச் சாமிக்கென்று எடுத்து வைத்த சோற்றோடு வாசலுக்கு வந்து நிற்பார்கள். இதைத் தெரிந்துகொண்ட வேறு சில சாமியார்கள் முன்னாலேயே போய், நாங்கள் குகையிலிருந்துதான் வருகிறோம் என்று சொல்லி அதை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். நம் காலமாக இருந்தால் அன்றோடு கதவுகள் சாத்தப்பட்டிருக்கும். அந்தத் தெருக்காரர்கள் சாத்தவில்லை. குகைக்காரர்களும் யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. தங்களை அடையாளம் கண்டுகொள்ளத் தங்களுக்கென்று ஒரு பாட்டு வேண்டும் என்று சுவாமியிடம் கேட்டார்கள். 1914ஐ ஒட்டி அவர் மலையைச் சுற்றி நடக்கையில் எழுதிக் கொடுத்ததுதான் அருணாசல அட்சரமணமாலை. 108 கண்ணிகள். அதைப் பாடிக்கொண்டு அவர்கள் பிச்சைக்குப் போனார்கள். வீட்டுக்காரர்கள் குரல் கேட்டுக் கதவைத் திறந்தார்கள். இன்றைக்கு உலகத்தின் பல மூலைகளில் தமிழே தெரியாதவர்கள்கூட மனப்பாடமாகப் பாடும் அந்தப் பாட்டில், சோறு எடுத்து வைத்த பெண்களுக்குப் பங்கு இருக்கிறது. குகையின் பெயரைச் சொல்லி அந்தச் சோற்றை ஏமாற்றி வாங்கித் தின்றவர்களுக்கும் இருக்கிறது.